இலேசான குக்குரிக் கத்தி: தெரிந்தெடுத்தலும் கையாளுதலும்

சென்ற ஆண்டு மலைப்பகுதியைச் சேர்ந்த ஒரு விவசாயக் கூட்டுறவுச் சங்கத்தில் ஆண்டாய்வின் பொருட்டுச் சரக்கிருப்பைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். சங்கத்தின் பெயர் இங்கு வேண்டுவதில்லை. கிட்டங்கியின் மூலையில், உரமூட்டைகளுக்குப் பின்னால், ஒரு மரப்பெட்டி இருந்தது. திறந்து பார்த்தால் பதினேழு குக்குரிக் கத்திகள்! பளபளவென்று மெருகேற்றிய இரும்பு, பித்தளைப் பூண், சிங்கத்தலை வைத்த கைப்பிடி, வேலைப்பாடு மிகுந்த தோலுறை. இருப்புப் பதிவேட்டைப் புரட்டினேன். கவாத்து வேலைக்கும் புதர் வெட்டவும் அங்கத்தினருக்கு உதவும் என்று கருதி, வெளியூர் வியாபாரி ஒருவரிடமிருந்து இருபத்துநான்கு கத்திகள் வாங்கப்பட்டிருந்தன. விற்றவை ஏழே. அவற்றில் ஒன்றை வாங்கிய மிளகுத் தோட்டக்காரர் ஒருவர், உறையிலிருந்து கத்தியை உருவும்போது இடக்கையை அறுத்துக்கொண்டார். அவருடைய விரல்களில் இரண்டு இன்றும் முழுதாக மடங்குவதில்லை. கொடி கட்டுவதற்கு அவர் இப்போது கூலியாள் வைத்துக்கொள்கிறார்.

“உலகப் புகழ் பெற்ற கத்தி என்கிறார்கள் சார், நம்மவர்கள் ஏன் தொட மாட்டேன் என்கிறார்கள்?” என்று காரியதரிசி கேட்டார். அவ்வினாவுக்கு அன்று என்னிடம் விடையில்லை. கத்தி ஒன்றைத் தராசில் வைத்து நிறுத்தேன். உறை நீங்கலாக 900 கிராமுக்குச் சற்று மேலேயே இருந்தது. முதுகுப் பக்கத்தின் தடிப்பு 11 மில்லிமீட்டர். ஒரு தாளில் கத்தியின் உருவை வரைந்து, இந்த அளவுகளையும் குறித்துக்கொண்டேன். பின்னர் விடுமுறையில் சிலிகுரி வழியாகக் கிழக்கு நேபாளம் செல்லும் வாய்ப்புக் கிட்டியபோது அந்தத் தாளும் என் பையில் இருந்தது. அங்கே கண்டும் கேட்டும் அறிந்தவற்றையே இப்பாடமாக எழுதுகிறேன்.

நம் ஊர்களில் குக்குரி என்றவுடன் நினைவுக்கு வருபவர், இரவில் விசில் ஊதித் தெருக்களைச் சுற்றிவரும் கூர்க்காக் காவல்காரர். அதற்கும் அப்பால் சென்றால் பட்டாளம். 1814 முதல் 1816 வரை ஆங்கிலேயருக்கும் கூர்க்கா அரசுக்கும் நடந்த போரின்போதே, 1815இல், ஆங்கிலேயர் கூர்க்கர்களைத் தம் படையில் சேர்க்கத் தொடங்கினர். 1947இல் அப்படைப்பிரிவுகளில் ஆறு இந்தியாவுக்கும் நான்கு பிரிட்டனுக்கும் பிரிந்து சென்றன. குறுக்கிட்ட இரு குக்குரிகளே அவற்றின் சின்னம். இவ்வாறு பட்டாளத்தின் வழியாகப் பரவிய புகழினால், குக்குரி என்பது ஓர் ஆயுதம் என்றே வெளியுலகம் கருதலாயிற்று. ஒருமுறை உருவினால் இரத்தம் காணாமல் உறையில் இடலாகாது என்னும் கட்டுக்கதையும் இவ்வழியே வந்ததுதான். அக்கதை மெய்யாயிருப்பின், நேபாளத்துக் குடியானவன் காலையில் விறகு பிளந்து, பகலில் வேலிக்கு மூங்கில் சீவி, மாலையில் கோழி அறுக்கும் வரையில் எத்தனை முறை தன் விரலைக் கீறிக்கொள்ள வேண்டும்!

அங்கே அது முதலில் குடும்பத்தின் கருவி, பிறகுதான் ஆயுதம். இலாம் மாவட்டத்து மலைச்சரிவுகளைப் பார்த்தால் இது விளங்கும். 1863ஆம் ஆண்டு முதல் தேயிலை பயிராகும் பகுதி அது. பெரிய ஏலம், இஞ்சி, துடைப்பப்புல் ஆகியவையும் அங்கு விளைகின்றன. புல்லறுப்பதற்கு நம்முடையதைப் போன்ற கருக்கரிவாள் வைத்திருக்கிறார்கள். ஏலக்குலையைத் தூரிலிருந்து எடுப்பதற்கென்று தனியே ஒரு சிறு கத்தி உண்டு. அடுப்படியில் காய் நறுக்குவது பெரும்பாலும் ‘சுலேசி’. பலகையில் வளைந்த அலகைப் பொருத்திக் காலால் அழுத்திக்கொள்ளும் அது, நம் வீட்டு அரிவாள்மணைக்கு உடன்பிறப்பு என்றே சொல்லலாம். எஞ்சிய வேலைகள் அனைத்தும் குக்குரிக்கு. நிழல்மரத்தின் கிளை கழிப்பது, விறகு சிறாய்ப்பது, ஆட்டுக்குத் தழை ஒடிப்பது, பந்தலுக்குக் கம்பு கூராக்குவது எல்லாம் அதனால்தான். தசராக் காலத்தில் அங்கேயும் கருவிகளுக்குப் பூசை நடக்கிறது.

இவ்வேலைகளுக்கு அவர்கள் இடுப்பில் செருகியிருந்த கத்திகளை வாங்கி நிறுத்துப் பார்த்தேன். பெரும்பாலானவை 400 கிராமுக்கும் 550 கிராமுக்கும் இடைப்பட்டவை. ஒன்றில்கூடச் சிங்கத்தலை இல்லை.

தரான் நகரின் ஓரத்தில் ஓர் உலைக்களத்தில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன். தலைமைக் கொல்லர் அறுபதைக் கடந்தவர். அவ்வூர் வழக்கப்படி நான் அவரைத் ‘தாஜு’, அதாவது அண்ணா, என்று அழைத்தேன். நான் கொண்டுசென்ற தாளை அவர் உற்றுப் பார்த்தார். தடிப்பைக் குறித்திருந்த இடத்தில் விரலை வைத்துச் சிரித்தார். “இது சுவருக்கு” என்றார். பிறகு பக்கத்தில் கிடந்த, கைப்பிடி கறுத்துப்போன மெல்லிய கத்தி ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்து, “இது கைக்கு” என்றார். சுற்றுலாவாக வருவோர் எடை மிகுந்ததையே வலிமையுடையதென்று எண்ணிக் கேட்கிறார்களாம். கேட்பவர்க்குக் கேட்டதைச் செய்து கொடுப்பது தொழில். எனவே ஒரே பட்டறையில் இரண்டு விதமும் உருவாகின்றன. நம் சங்கத்துக்கு வந்து சேர்ந்தது முதல் விதம்.

இந்தக் கொல்லர்கள் காமி எனப்படும் சமூகத்தினர். இன்று பலர் விஸ்வகர்மா என்று பெயருக்குப் பின்னால் எழுதிக்கொள்கின்றனர். நாட்டுக்கே அடையாளமான கருவியைச் செய்துகொடுத்த இவர்களைத் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கிவைத்தது அங்குள்ள பழைய சமுதாயம். 1963ஆம் ஆண்டுச் சட்டம் தீண்டாமையை நீக்கியது; மனங்களிலிருந்து அது அவ்வளவு விரைவில் நீங்கவில்லை. கிராமங்களில் ‘பாலி’ என்றொரு முறை வழங்கிவந்தது. கொல்லர் ஆண்டு முழுவதும் குடும்பங்களின் கருவிகளைச் செய்தும் செப்பனிட்டும் தருவார். அறுவடையில் தானியம் பெறுவார். நம் களத்துமேட்டில் கொல்லருக்கும் தச்சருக்கும் நெல் அளந்த வழக்கத்தை மூத்த அங்கத்தினர் நினைவுகூரலாம். அம்முறையில் ஒரு குறையும் உண்டு, ஒரு நன்மையும் உண்டு. குறை, கொல்லர் என்றும் பிறர் கையை எதிர்பார்த்தே நின்றது. நன்மை, கத்தி கெட்டால் அதே கொல்லரிடம் திரும்பி வரும் என்பதால் கெடாத கத்தியைச் செய்வதே அவருக்கு ஆதாயமாயிருந்தது. ஆயிரம் மைல் தொலைவில் விற்கப்படும் கத்தி திரும்பி வருவதில்லை. இடையில் நிற்கும் வியாபாரிக்கு அது தெரியும். நெசவாளத் தோழர்களுக்கு இதை நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

இனிக் கத்தி செய்யும் முறையைக் காண்போம். இதை அறிந்தாலன்றி நல்லதைத் தேர்வது இயலாது.

லாரிகளின் அச்சின்மேல் அடுக்கடுக்காக வைக்கப்படும் வில்பட்டையே இன்று பெரும்பாலும் மூலப்பொருள். நம் ஊர் அரிவாள்களும் அதே பட்டையில் அடிக்கப்படுவது உண்டு. பட்டையைத் துண்டாக்கி, கரியுலையில் செந்நிறமாகக் காய்ச்சி, ஒருவர் இடுக்கியால் பிடிக்க, இருவர் மாறி மாறிச் சம்மட்டியால் அடிக்கிறார்கள். வளைவும் வயிறும் அடியிலேயே உருவாகின்றன. நல்ல கொல்லர் முதுகை ஒரே தடிப்பாக விடுவதில்லை. பிடியின் அருகே தடிப்பாகத் தொடங்கி, முனைக்குச் செல்லச் செல்ல மெலியும்படி அடிக்கிறார். இதற்கு அதிக அடி வேண்டும், அதிகக் கரியும் வேண்டும். அவசரமாகச் செய்த கத்தியில் முதுகு, முனைவரை ஏறக்குறைய ஒரே தடிப்பாயிருக்கும். நம் கிட்டங்கியில் இருந்தவை அப்படிப்பட்டவையே.

அடுத்தது துவைச்சல். நான் இரண்டு நாள் உட்கார்ந்ததற்குக் காரணமே இதுதான். அலகு முழுவதையும் நீரில் முக்குவதில்லை. செந்நிறமாகக் காய்ந்த அலகை வாய் மேலாகப் பிடித்துக்கொண்டு, தேநீர்க் கெண்டியின் மூக்கு வழியே நீரை நூல்போல் அந்த வாயின்மீது மட்டும் வார்க்கிறார்கள். வயிற்றுப் பகுதியில் கெண்டி சற்று நின்று செல்கிறது. முனையிலும் அடியிலும் விரைந்து கடக்கிறது. நீர் பட்ட வாய் இறுகிக் கடினமாகிறது. முதுகு மெல்ல ஆறுவதால் மென்மையாகவே நிற்கிறது. முதுகில் எஞ்சிய சூடு பின்னர் வாய்ப்பக்கம் பரவி, மிகையான விறைப்பைச் சிறிது தணிக்கிறது. ஆகவே வெட்டும் இடம் கடினம். அதிர்ச்சியைத் தாங்கும் இடம் மென்மை. முழுவதும் கடினமாயிருந்தால் கண்ணாடிபோல் உடையும். முழுவதும் மென்மையாயிருந்தால் ஈயத்தகடுபோல் மடங்கும். தாஜு கெண்டியை ஓட்டும்போது பேசுவதில்லை, பிறரையும் பேசவிடுவதில்லை. நிறத்தை அவர் கண்தான் அளக்கிறது. அதற்காகவே அந்த வேலைக்கு உலைக்களத்தின் இருண்ட மூலையை வைத்திருக்கிறார்.

வாயின் அடியில், பிடியை ஒட்டி, ஒரு சிறு வெட்டு இருக்கும். பசுவின் குளம்பு என்றும் சிவபெருமானின் சூலம் என்றும் அதற்குப் பொருள் கூறுவர். மரப்பாலும் சாறும் பிடிக்கு வழியாமல் அங்கேயே சொட்டிவிடும் என்பர் வேறு சிலர். சாணைக்கல் எதுவரை வரலாம் என்பதற்கு எல்லையாகவும் அது பயன்படுகிறது. உறையுடன் இரண்டு சின்னக் கருவிகள் கிடைக்கும்: ‘கர்தா’ என்னும் சிறு கத்தி ஒன்று, வாயைத் தேய்த்து நேர்படுத்தும் ‘சக்மக்’ என்னும் மழுங்கல் இரும்பு ஒன்று.

இலேசான கத்தி என்பதன் பொருளை இப்போது ஆராயலாம். நம் மொழியில் ‘கனம்’ என்ற ஒரே சொல் எடையையும் குறிக்கிறது, தடிப்பையும் குறிக்கிறது. குக்குரியைப் பொறுத்தவரை இது மிகப் பொருத்தமான சொல். நீளமும் அகலமும் மாறாமல் முதுகின் தடிப்பை 8 மில்லிமீட்டரிலிருந்து 6 மில்லிமீட்டராகக் குறைத்து, அதே ஒழுங்கில் அலகு முழுவதையும் மெலிவித்தால் அலகின் எடையில் கால் பங்கு நீங்கிவிடும். நீளத்தைக் குறைத்து எடையைக் குறைப்பதைவிட இது நல்ல வழி. எட்டும் தொலைவு குறையாதல்லவா?

எடை குறைவதால் என்ன ஆதாயம்? ஒரு காலைப்பொழுதில் அறுநூறு முறை கையை ஓங்குவதாகக் கொள்வோம். 900 கிராம் கத்தியானால் அக்கை தூக்கிய மொத்தம் 540 கிலோ. 450 கிராம் கத்தியானால் 270 கிலோ. வேறுபாடு 270 கிலோ. 75 கிலோ மூட்டையாகக் கணக்கிட்டால் மூன்றரை மூட்டை நெல்லுக்கும் மேல். இவ்வளவையும் நண்பகலுக்குள் வீணே தூக்கிய கையே பிற்பகலில் குறி தவறித் தன் முழங்காலை வெட்டிக்கொள்கிறது. நாடாவின் எடையில் சிறிது கூடினாலும் மாலைக்குள் தோள் அறிந்துகொள்ளும் என்பதைக் கைத்தறியில் அமர்ந்தவர் எவரும் அறிவர்.

ஆயின் இலேசு என்பதற்கும் எல்லை உண்டு. வெட்டு ஆழமாக இறங்குவது எடையினால் மட்டுமன்று, வேகத்தினாலுங்கூட. அதிலும் வேகத்தின் பங்கே பெரிது. வேகம் இருமடங்கானால் தாக்கும் ஆற்றல் நான்கு மடங்காகும். 600 கிராம் கத்தியின் வேலையை 450 கிராம் கத்தியால் செய்ய, வீச்சின் வேகத்தை ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு கூட்டினால் போதும். கத்தி இலேசாகும்போது கை தானாகவே அவ்வளவு விரையும். ஆனால் 900 கிராம் கத்தியின் அடியை 450 கிராமால் அடிக்க வேண்டுமாயின், வேகத்தைப் பத்துக்கு நான்கு பங்கு கூட்ட வேண்டும். அது எளிதன்று. மணிக்கட்டுப் பருமனுக்கு மேற்பட்ட கட்டைக்குக் கோடரியைத் தேடுவதே முறை. 350 கிராமுக்கும் கீழே போன கத்திகளையும் கண்டேன். அவை தழை ஒடிக்கவே உதவின.

மெல்லிய வகைகளில் பெயர்பெற்றது ‘சிருபாதே’. சிரு என்பது அங்கே விளையும், நம் தர்ப்பையைப் போன்ற, நீண்ட புல். அதன் இலைபோல் ஒடுங்கியிருப்பதால் அப்பெயர். வயிறு அதிகம் அகலாமல் நீண்டு செல்லும். போஜ்பூர் வகை இதனினும் அகலமும் தடிப்பும் உடையது. கட்டை வெட்டுவோர் அதையே விரும்புகின்றனர். பிடி பொருத்துவதிலும் இரண்டு முறைகள் உள்ளன. அலகின் வால் குறுகிப் பிடிக்குள் ஒளிந்து, ‘லாஹா’ என்னும் அரக்குக் கலவையால் ஒட்டப்படுவது ஒன்று. வால் பிடியின் முழு அகலத்துக்கும் நீண்டு, இருபுறமும் கட்டையோ எருமைக்கொம்போ வைத்து ஆணியடிக்கப்படுவது மற்றொன்று. இதனைப் ‘பானாவால்’ என்பர். முன்னது இலேசு. பின்னது உறுதி மிக்கது, ஆயின் எடை கூடும். அந்தக் கூடுதல் எடை பிடியில் இருப்பதால், முன்னெடை குறைந்ததுபோல் கைக்குத் தோன்றுவது ஒரு விசித்திரம்.

இது நம்மை முக்கியமான செய்திக்குக் கொண்டுவருகிறது. தராசு காட்டும் எடை பாதி உண்மையே. கத்தியைப் பிடியின் பூணுக்கு முன்னால் ஒரு விரலின்மேல் கிடத்திப் பாருங்கள். எந்த இடத்தில் அது சாயாமல் நிற்கிறதோ அதுவே அதன் எடை மையம். பூணிலிருந்து இரண்டரை அங்குலத்தில் நிற்கும் 450 கிராம் கத்தியும், ஐந்து அங்குலத்தில் நிற்கும் 450 கிராம் கத்தியும் தராசுக்கு ஒன்று, மணிக்கட்டுக்கு ஒன்றல்ல. ஏற்றத்தில் தண்ணீர் இறைத்தவர்களுக்கும், ஒரு முனையில் மட்டும் சுமை கட்டிய காவடித்தடியைத் தூக்கியவர்களுக்கும் இதன் காரணம் விளங்கும். மையம் மிகவும் பின்வாங்கிப் பூணருகே வந்துவிட்டாலோ, வீச்சில் உயிர் இராது. முனை மெலியும்படி அடித்த கத்தியில் இந்த மையம் தானே சரியான இடத்தில் அமைகிறது.

வாங்கும்போது செய்யத்தக்க சோதனைகள் எளியவை. கத்தியைத் தரைக்கு இணையாக, கையை நீட்டிப் பிடித்து, மெல்ல அறுபது எண்ணுங்கள். அதற்குள் முனை தாழ்ந்தால் அது உங்களுக்குரிய கத்தி அன்று. கடைக்காரர் எவ்வளவு புகழ்ந்தாலும் கீழே வைத்துவிடுங்கள். முதுகின் வழியே ஒரு கண்ணால் நோக்கி, கோணல் உண்டா என்று பாருங்கள். சிறிய அரம் ஒன்றைக் கையோடு கொண்டுபோய், கடைக்காரர் அனுமதித்தால், வயிற்றின் வாயில் மெல்ல ஓட்டுங்கள். துவைச்சல் சரியானால் அரம் வழுக்கும். அதே அரம் முதுகில் கடிக்க வேண்டும். இரண்டு இடத்திலும் கடித்தால் அது வெறும் வடிவம். அனுமதிக்காத கடைக்காரரிடம் வாங்காதிருப்பதே நன்று என்பது என் கருத்து. பிடியை இறுகப் பற்றி, முதுகை உள்ளங்கையில் தட்டினால் பிடிக்குள் சிறு அதிர்வோ ‘டக்’ ஒலியோ கேட்கலாகாது. கேட்டால் அரக்கு விட்டிருக்கிறது. பிடியின் நடுவில் உள்ள வரைவளையம் நடுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் இடையே அமைய வேண்டும். நான்கு விரலும் நெருக்கமின்றி அடங்க வேண்டும். இதில் ஒருவர் கைக்குப் பொருந்தியது மற்றவருக்குப் பொருந்தாது. ஒரே அச்சில் இருபத்துநான்கு வாங்கியதே நம் சங்கம் செய்த முதல் பிழை. அலகின் நீளம் நம்மவர் பெரும்பாலோருக்குப் பத்து அங்குலம் போதுமானது.

உறையைக் கத்தியினும் கவனமாகப் பாருங்கள். இரு மரப்பலகைகளைச் சேர்த்துத் தோல் போர்த்தியதே நல்ல உறை. தலைகீழாகப் பிடித்து இலேசாக உதறினால் கத்தி வழுக்கி விழலாகாது. வெறும் தோலால் மட்டும் தைத்த உறை கண்ணுக்கு அழகு, கைக்கு எமன்.

அந்த மிளகுத் தோட்டக்காரருக்கு நேர்ந்தது இதுதான். உறையை இடக்கையால் முழுவதும் சுற்றிப் பிடித்தார். குக்குரியின் வாய் வளைவின் உட்புறத்தில் இருப்பதால், உருவும்போது அது உறையின் விளிம்புத் தையலை அழுத்திக்கொண்டே வரும். நைந்த தையல் வழியே வாய் வெளிப்பட்டது. சுற்றியிருந்த விரல்கள் அங்கேயே இருந்தன. நேபாளத்தில் சிறுவனுக்கும் முதலில் கற்பிக்கும் பாடம்: உறையின் முதுகுப் பக்கத்தை மட்டும் பெருவிரலுக்கும் மடக்கிய விரல்களின் பக்கத்துக்கும் இடையே பிடிக்க வேண்டும், வாய்ப் பக்கத்தை ஒரு விரலும் தழுவலாகாது. கத்தியின் முதுகு உறையின் முதுகிலேயே உராய்ந்து வரும்படி, அவசரமின்றி, வளைவைப் பின்பற்றி உருவ வேண்டும். திரும்பச் செலுத்தும்போதும் அவ்வாறே. கத்தியோடு இந்த ஒரு பாடத்தையும் விற்றிருந்தால் அவருடைய விரல்கள் தப்பியிருக்கும். விற்றவரும் கூறவில்லை, சங்கமும் கேட்கவில்லை, வாங்கிய அங்கத்தினருக்குத் தெரியாது. யார்மீது குற்றம் என்று ஆய்வறிக்கையில் எழுத எனக்கு இடமில்லை.

வெட்டும்போது பிடியை இறுக்கிக்கொண்டே ஓங்க வேண்டாம். தளர்வாகப் பிடித்து ஓங்கி, படும் கணத்தில் இறுக்கினால் மணிக்கட்டு நோகாது. வயிற்றின் பெருத்த இடமே படவேண்டிய இடம். அங்கேதான் துவைச்சலும் உள்ளது. முனையால் கொத்துவது அதனைக் கெடுக்கும். கிளையின்மீது நேர் குறுக்காக அடிக்காமல், சாய்வாக, ஒரு வெட்டு இப்படியும் மறுவெட்டு அப்படியுமாக அடித்தால் சில்லு தானே தெறித்துவிடும். மாட்டிக்கொண்ட அலகைப் பக்கவாட்டில் முறுக்கி எடுக்கலாகாது. மெல்லிய கத்திக்கு முறுக்கு ஆகாது. மூங்கில் பிளக்கும்போது முதுகில் மரச்சுத்தியால் தட்டலாம், இரும்பால் தட்டக்கூடாது. இடக்கால் வீச்சின் நேரே இருக்க வேண்டாம். கைநீளமும் கத்திநீளமும் சேர்ந்த தொலைவைப்போல் இருமடங்குக்குள் பிறர் எவரும் நிற்கலாகாது. வியர்த்த கையிலிருந்து நழுவிய கத்தி எங்கே போகும் என்று யாரும் சொல்ல முடியாது.

இது துருப்பிடிக்கும் இரும்பு. வேலை முடிந்ததும் சாறு துடைத்து, எண்ணெய் தடவ வேண்டும். மழைக்காலத்தில் மாதக்கணக்கில் உறைக்குள் வைக்கலாகாது. தோல் ஈரம் உறிஞ்சும். அரக்கு வைத்த பிடியைக் கொதிவெயிலிலோ அடுப்பருகிலோ போட்டால் இளகித் தளரும். தீட்டுவதற்குக் கைக்கல்லே சிறந்தது. வளைவான வாயாதலால் கத்தியை அசையாமல் வைத்துக் கல்லை நகர்த்துவது எளிது. மின்சாரச் சாணையை நம்ப வேண்டாம். தீப்பொறி பறக்க, வாய் நீலநிறம் காட்டினால் துவைச்சல் போய்விட்டது என்று பொருள். மறுபடி உலைக்குப் போனாலன்றி அது திரும்பாது. இதை நாங்கள் செலவழித்தே கற்றோம். பதினேழு கத்திகளில் ஒன்றை மெலிவித்துப் பார்க்கலாம் என்று பக்கத்து நகரத்துப் பட்டறையில் கொடுத்தோம். 900 கிராம் 640 ஆயிற்று. ஆனால் பலாக்கிளையில் முதல் வெட்டிலேயே வாய் சுருண்டது.

சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின்கீழ் 1962இல் வந்த விதிகளில் குக்குரி பெயர் சொல்லியே குறிக்கப்பட்டிருந்தது. அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீண்டதாகவோ 2 அங்குலத்துக்கு மேல் அகன்றதாகவோ இருப்பின் ஆயுத வகையில் சேரும் என்றும், வீட்டு உபயோகத்துக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் எனச் செய்யப்பட்டவை அதில் சேரா என்றும் அவ்விதி வகுத்தது. 2016இல் புதிய விதிகள் வந்துள்ளன. ஆகவே மொத்தமாக வாங்க எண்ணும் சங்கம், கொள்முதல் தீர்மானத்தில் எந்த வேலைக்கு என்பதைத் தெளிவாக எழுதி, உள்ளூர்க் காவல் நிலையத்திலும் கேட்டுக்கொள்வது நன்று. திருவிழாக் கூட்டத்துக்கு இடுப்பில் செருகிக்கொண்டு போவது விவசாயம் ஆகாது.

நேபாளத்திலும் நம்மைப்போல் கூட்டுறவு இயக்கம் உண்டு. 1957இல் சித்வன் பகுதியில் அது தொடங்கிற்று. தரான் கொல்லர்கள் தம்முள் ஒரு சங்கம் அமைத்தால் அவர்களிடமிருந்தே நேரே வாங்கலாமே என்று தாஜுவிடம் கேட்டேன். “அமைக்கலாம். உங்கள் ஆட்களின் கை அளவை அனுப்புவீர்களா?” என்று திருப்பிக் கேட்டார். ஊர் திரும்பியதும் காரியதரிசியிடம் இதைச் சொன்னேன். ஆறு அங்கத்தினர் தாளின்மீது கைவைத்து உருவெழுதிக் கொடுத்திருக்கின்றனர். அவற்றுள் ஒன்று இரு விரல் மடங்காத இடக்கையின் சொந்தக்காரருடையது. வலக்கையை வரைந்து கொடுத்தார். மாதிரிக்கு ஒரேயொரு கத்தி தருவித்து, ஒரு மாதம் மாறி மாறி உபயோகித்துப் பார்த்த பிறகே கொள்முதலைப் பற்றிப் பேசுவதென்று நிர்வாகக் குழு தீர்மானித்துள்ளது. பெட்டியில் மீதமுள்ள பதினாறையும் மதிப்புக் குறைத்து விற்பதா, வியாபாரியிடம் திருப்புவதா என்பது அடுத்த பொதுக்குழுவின் நிகழ்ச்சி நிரலில் ஐந்தாவது பொருளாக இருக்கிறது.